தேர்வு குறைந்த கேமில் தோழர்களைப் பேச வைப்பது எப்படி: ஃபேன்டசி ஆர்.பி.ஜி. எழுதுவோருக்கு முழு வழிகாட்டி

தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ ஒரு சின்ன ஃபேன்டசி ஆர்.பி.ஜி. (விளையாடுபவர் ஒரு பாத்திரமாகவே கதைக்குள் போகும் கேம்) எழுதுகிறீர்கள். இரண்டு மணி நேரக் கதை. விளையாடுபவரோடு கூட நடக்க மூன்று தோழர்கள். போகிற பக்கமெல்லாம் கதையைப் பிரித்துவிட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முதல் கேமில் நாற்பதுக்கும் மேல் தேர்வுகள் (விளையாடுபவர் ‘இதைச் செய், அதைச் செய்’ என்று அமுக்கித் தேர்ந்தெடுப்பவை) இருந்தன. விளையாடிப் பார்த்த நண்பர், “எதை அமுக்கினாலும் ஒண்ணுதானே?” என்று கேட்டார். அடுத்த கேமில் பதினொன்றுதான் வைத்தேன். அதே நண்பர் ஓரிடத்தில் பட்டனை அமுக்காமல் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் நான் மாற்றியது வேலையின் வரிசையை மட்டும்தான். முன்பு தேர்வுகளை எழுதிவிட்டு அவற்றின் மேல் தோழர்களின் பதிலை ஒட்டினேன். பிறகு பதிலை முதலில் எழுதிவிட்டு, அதை வரவழைக்கும் தேர்வைத் தேடினேன்.

அதற்கப்புறம் புதிதாக எழுத வந்தவர்கள் சிலரின் வரைவுகளையும் படித்தேன். தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முக்கியமாக முதல் இரண்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

நடுவே சில பெரிய கேம்களின் கதையை உடைத்துச் சொல்கிறேன். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ், பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே பக்கத்தில் முழுக் கதை, முடிவு உட்பட. முடிவு தெரியாமல் தோழர்களை எழுதினால், ஐந்தாம் காட்சியில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஒன்பதாம் காட்சியில் அவரைத் தேடுவீர்கள்.

மூன்று தோழர்கள். நான்காவது ஆள் மனதில் இருந்தால் அடுத்த கேமுக்கு வையுங்கள். பன்னிரண்டு காட்சி, காட்சிக்கு இரண்டு தேர்வு, மூன்று தோழர் என்றாலே 72 எதிர்வினைகள். தேர்வை நான்காக்கினால் 144. இது உடனடிப் பதில்களின் கணக்கு மட்டும்; பின்னால் நினைவுபடுத்திப் பேசுவதெல்லாம் தனி.

ஒரு கூகுள் ஷீட். வரிசைக்கு ஒரு தேர்வு, பத்திக்கு ஒரு தோழர். கேமை ஓட வைக்கும் மென்பொருளான கேம் எஞ்சினுக்குள் நேராக எழுத உட்காராதீர்கள். அங்கே ஒரு காட்சிதான் கண்ணில் படும், ஒரு தோழர் ஆறு காட்சிகளாக வாயே திறக்கவில்லை என்பது படாது.

கருவி எதுவானாலும் முதல் நாளே “கொற்றன் கௌதாரியோடு போனான்” போல ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அந்தக் கருவி தமிழ் எழுத்தைக் கோர்க்கவில்லை என்று அர்த்தம். யூனிட்டி என்ற எஞ்சினில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்தத் தொல்லையைத் தருவது எல்லோரும் பட்ட அனுபவம். கிளைக்கதை எழுதும் கருவியான ட்வைன் செய்து தருவது வெறும் வலைப்பக்கம் என்பதால் எழுத்தை பிரௌசரே பார்த்துக்கொள்ளும். முதல் கேமுக்கு அதுவே போதும்.

1. மாற்ற முடியாததை முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் “இங்கே விளையாடுபவர் என்னென்ன செய்யலாம்?” என்று தொடங்குவார்கள். நீங்கள் “என்ன செய்தாலும் எது நடந்தே தீரும்?” என்று தொடங்குங்கள். கோட்டை விழும், ஆற்றைக் கடப்பார்கள், கிழவர் சாவார் என்று ஐந்தாறு நிகழ்ச்சிகள் வரும். இவைதான் உங்கள் கதையின் தூண்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பன்னிரண்டு இடங்களில் மூன்று மூன்று தேர்வு வைத்து, ஒவ்வொன்றும் உண்மையிலேயே தனி வழியில் போகும் என்றால் 5,31,441 பாதைகள். எழுதி மாளாது. அதனால் எல்லோருமே செய்வது ஒன்றைத்தான்: முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டு, கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்குகிற மாதிரி, பிரித்த கதையைச் சற்று தூரத்தில் சேர்த்துவிடுவது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு சேர்ந்த பிறகு இந்தப் பக்கமாக வந்தோமா, அந்தப் பக்கமாக வந்தோமா என்பதற்குக் கதையில் அடையாளமே இருக்காது. அதை நினைவில் வைத்திருக்க ஆள் வேண்டும். உங்கள் கேமில் அந்த ஆட்கள் தோழர்கள்தான். அவர்கள் மறந்தால் விளையாடுபவர் தேர்ந்ததற்குச் சாட்சியே கிடையாது.

ஷீட்டில் ஒவ்வொரு தூணுக்கும் எதிரே அதற்கு முன்னால் எத்தனை தேர்வு வரலாம் என்று ஒரு எண் எழுதுங்கள். இரண்டு போதும்.

2. தோழருக்குக் கொள்கை கொடுக்காதீர்கள், கவலை கொடுங்கள்

“நேர்மையான வீரன்”, “இரக்கமுள்ள மருத்துவச்சி”, “குறும்புக்காரத் திருடி”. வரைவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இப்படித்தான் வரும். இப்படி எழுதினால் அவர்களுக்கு மார்க் போடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. நல்லது செய்தால் வீரன் மெச்சுவான், கெட்டது செய்தால் முகம் சுளிப்பான். இரண்டாம் காட்சியிலேயே ஆளைக் கணித்துவிடலாம்.

ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பயணத்தில் தனக்காக என்ன வேண்டும்? எதைப் பார்த்தால் தாங்க மாட்டார்? எதைப் பற்றிப் பொய் சொல்கிறார்?

என் கேமின் மூவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கொற்றன், ஐம்பது வயது, முன்பு சுங்கச்சாவடியில் காவலாளி. வேலையைத் தானே விட்டதாகச் சொல்லுவார், உண்மையில் துரத்தப்பட்டவர். வெண்ணி, மருத்துவச்சி. பெரு வெள்ளத்தில் தன் தாயை அக்கரையில் விட்டுவிட்டு வந்தவள், அதை யாரிடமும் சொன்னதில்லை. சிட்டு, பதினேழு வயதுத் திருடி. பசி தெரிந்தவள், அடுத்தவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டே நடப்பவள்.

இனி ஒரு சோதனை. ஏதாவது ஒரு சாதாரணப் பொருளை மூவர் நடுவிலும் வையுங்கள், ஒரு ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் ஒரே எண்ணம் தோன்றினால் இருவரை மாற்றி எழுதுங்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் லேஸெல், ஷேடோஹார்ட் என்ற இரு தோழிகளும் ஒரு மாயப் பொருளை முன்னிட்டு முறைத்துக்கொண்டே வந்து, ஒரு ராத்திரி கத்தியை எடுத்துவிடுவார்கள். இரண்டு பேரின் தேவையும் ஒரே பொருளின் மேல் மோதுகிறது. சண்டைக்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

3. எதிர்வினையை எழுதுங்கள், அப்புறம்தான் தேர்வு

இதுதான் முக்கியமான படி. ஒரு காட்சியை முழுசாகச் செய்து காட்டுகிறேன்.

ஒரு பாலம். அதன் வாயில் சுங்கச்சாவடி. தலைக்கு ஒரு காசு கட்டினால்தான் அக்கரை போகலாம். உங்களுக்குப் பின்னால் ஒரு கிழவி, கையில் ஆட்டுக்குட்டி, மடியில் காசு இல்லை. என் முதல் வரைவில் நான்கு தேர்வுகள் இருந்தன: கிழவிக்கும் சேர்த்துக் காசு கொடு, கண்டுகொள்ளாமல் போ, அதிகாரியோடு பேசிப் பார், அதிகாரியை அடி. கொடுத்தால் வெண்ணி, “நல்ல முடிவு” என்பாள். அடித்தால் கொற்றன், “இது சரியல்ல” என்பார். படிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் முறை தேர்வுகளை அழித்துவிட்டு மூன்று துண்டுக் காகிதம் எடுத்தேன். இந்தக் கிழவியைப் பார்க்கும்போது ஒவ்வொருவருக்கும் எங்கே வலிக்கும்?

கொற்றனுக்கு அந்தச் சாவடி பழகிய இடம். காசு கொடுத்தால் அவருக்குச் சந்தோஷம் வராது. “நாளைக்கும் இந்தம்மா இங்கதான் வரும். நாளைக்கு நீ இருப்பியா?” கொடுக்காமல் போனால், “பரவால்ல, விடு. நானும் இப்படித்தான் எத்தனையோ பேரை…” என்று தொடங்கி நிறுத்திக்கொள்வார். பொய்யில் முதல் விரிசல் இங்கே விழுகிறது.

வெண்ணிக்கு அது தன் தாய். காசு கொடுத்தால் அவள் ஒன்றும் பேச மாட்டாள். ஆட்டுக்குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலம் முடியும்வரை தூக்கி வருவாள். கொடுக்காவிட்டாலும் பேச மாட்டாள்; ஆனால் அக்கரையில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சிட்டுவுக்குக் கிழவியே கண்ணில் படவில்லை. பை திறந்தபோது உள்ளே பார்த்துவிட்டாள். “இவ்ளோ காசா இருக்கு நம்மகிட்ட?” இரண்டு காட்சி தள்ளி அந்தப் பை இளைத்திருக்கும்.

இப்போது தேர்வுக்கு வாருங்கள். மேலே உள்ள எதிர்வினைகளை வரவழைக்க இரண்டே போதும்: கொடு, அல்லது போ. “பேசிப் பார்” என்பதை எடுத்துவிட்டேன், ஏனென்றால் அது மூவருக்கும் பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடிக்கிற தேர்வு ஒன்று பட்டியலில் இருந்தால் விளையாடுபவர் யோசிக்காமல் அதையே அமுக்குவார், மற்றவை வெறும் அலங்காரம். அதை நீக்குங்கள், இல்லையென்றால் அதற்கும் ஒரு விலை வையுங்கள். “அடி” என்பதையும் எடுத்தேன், அந்த அதிகாரி மூன்றாம் அத்தியாயத்துக்கு உயிரோடு வேண்டும். இப்படி நீக்குவதற்குத்தான் முதல் படியில் தூண்களை எழுதச் சொன்னேன்.

ஒரு கேள்வி வரும்: கொடுத்தாலும் திட்டு, போனாலும் திட்டு என்றால் விளையாடுபவர் சலித்துக்கொள்ள மாட்டாரா? அளவு மீறினால் சலிப்பார். ஆனால் அளவாகச் செய்தால் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு 2004-இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேமான நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2-ஐப் பாருங்கள். நார் ஷடா என்ற இடத்தில் ஒரு பிச்சைக்காரர் கை நீட்டுவார். காசு கொடுத்தாலும் கூட வரும் தோழி கிரேயா கண்டிப்பாள், விரட்டினாலும் கண்டிப்பாள். இரண்டுக்கும் பின்னால் என்ன விளையும் என்று அவள் காட்டுவது வேறு வேறு. சின்னத் தேர்வுதான், கதை அதனால் திரும்புவதில்லை. ஆனாலும் விளையாடியவர்கள் மறப்பதில்லை, காரணம் கிரேயா அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை, தான் உலகத்தை எப்படிப் பார்க்கிறாள் என்று காட்டிவிடுகிறாள்.

4. தேர்வே இல்லாத இடத்தில் விளையாடுபவரின் மனக்குரலைத் தோழருக்குக் கொடுங்கள்

தூண் நிகழ்ச்சிகளில் விளையாடுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. பலர் இங்கேதான் ஏமாற்று வேலை செய்வார்கள். மூன்று பட்டன் வைப்பார்கள், மூன்றுக்கும் ஒரே பதில் வரும். சேவ் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் உங்கள் உண்மையான தேர்வுகளையும் அவர் நம்ப மாட்டார்.

பட்டனே வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, அந்த நிமிடத்தில் விளையாடுபவர் திரையைப் பார்த்துச் சொல்ல நினைக்கும் வார்த்தையை ஒரு தோழர் வாயில் வையுங்கள்.

2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் ஆஸ்டகார் போர் அப்படித்தான் போகிறது. கோபுரத்தில் விளக்கேற்றுகிறீர்கள், உதவிக்கு வர வேண்டிய தளபதி லோகெய்ன் படையைத் திருப்பிக்கொண்டு போகிறான், அரசர் சாகிறார், உங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த டங்கன் சாகிறார். எப்படி விளையாடினாலும் இதுதான். அந்த ஆற்றாமையை அடுத்த சில மணி நேரம் தோழன் அலிஸ்டர் சுமந்துகொண்டு வருகிறான். பக்கத்தில் இன்னொரு தோழி மாரிகன் அவன் அழுகையைக் கேலி செய்கிறாள். உங்களுக்கு வருத்தமா, “போதும்டா, நடப்பதைப் பார்” என்று தோன்றுகிறதா? இரண்டுக்கும் ஆள் தயாராக இருக்கிறது. இனி அவர்களில் யார் பக்கம் நின்று பேசுவது என்பது உண்மையான தேர்வு.

ஆகவே இந்தப் படியின் வேலை இரண்டு. நடந்ததை எதிர்த்து ஒருவர், ஏற்றுக்கொண்டு ஒருவர் பேச வேண்டும். பிறகு “என்ன செய்வது?” என்று கேட்காமல் “யாரிடம் போய் உட்காருவது?” என்று கேளுங்கள். நெருப்பைச் சுற்றி மூன்று பேர், ஒருவரிடம் பேசத்தான் இரவு போதும். இந்த ஒரு தேர்வுக்குக் கதையில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், எழுதச் செலவும் குறைவு.

5. எண்ணை வைக்காதீர்கள், ஞாபகத்தை வையுங்கள்

பெரிய கேம்கள் தோழரின் மனதை எண்ணாக வைத்திருக்கின்றன. ஆரிஜின்ஸில் −100 முதல் +100 வரை. 2011-இல் வந்த டிராகன் ஏஜ் 2-இல் ஒரு முனை நட்பு, மறுமுனை போட்டி. இரண்டு முனைக்கும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. 2016-இல் வந்த டிரனியில் விசுவாசத்துக்கு ஒரு கோடு, பயத்துக்கு ஒரு கோடு. ஒருவன் உங்களை நம்பவும் செய்யலாம், நடுங்கவும் செய்யலாம்.

இரண்டு மணி நேர கேமுக்கு இது தேவையில்லை, கெடுதலும் கூட. எண் கூட்டிக் கழித்துக்கொள்ளும். கிழவியை விட்டுவிட்டுப் போனதற்கு வெண்ணி −2, பிறகு கிராமத்தில் பிள்ளைக்கு மருந்து கொடுத்ததற்கு +2, கடைசியில் பூஜ்யம். நிஜத்தில் எந்த மனுஷியும் இப்படிக் கணக்கு முடிப்பதில்லை. மருந்து கொடுத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே பாலத்தை நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு தோழருக்கும் நான்கைந்து ஆம்-இல்லை குறிப்புகள் போதும். “பாலத்தில் காசு கொடுத்தாரா?”, “நெருப்படியில் என்னிடம் வந்தாரா?”, “என் பொய்யைக் கண்டுபிடித்தாரா?” பின்னால் வரும் வரிகள் எண்ணைப் பார்க்காமல் இந்தக் குறிப்பைப் பார்க்கட்டும். அப்போதுதான் தோழரால் எது நடந்தது என்று சொல்லிப் பேச முடியும்.

“வெண்ணிக்கு இது பிடித்தது” என்று மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பையும் விட்டுவிடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 போல நூறு மணி நேரம் ஓடும் கேமில் அது ஒரு வசதி. சின்ன கேமில் அது வந்ததுமே விளையாடுபவர் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு மூலையைப் பார்க்கத் தொடங்குவார். அறிவிப்பு இல்லாமல் புரியவில்லை என்றால் உங்கள் வரியைத் திருத்துங்கள்.

6. எதிர்வினையை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் தேர்வுக்கு அடுத்த நொடியே கொட்டிவிடுவார்கள். மூன்று தோழர், ஆளுக்கு நான்கு வரி. விளையாடுபவர் படிக்காமல் தட்டிக்கொண்டே போவார்.

உடனே வருவது ஒரு வரி, அல்லது ஒரு செய்கை. அதுவும் ஒருவரோ இருவரோ போதும். அன்றிரவு முகாமில் வருவது பேச்சு, அங்கே நீளமாக எழுதலாம். பல காட்சிகள் தள்ளி வருவது ஒரே ஒரு வாக்கியம், வேறு எதையோ பேசும்போது வந்து விழ வேண்டும்.

நடுவேளைக்கு நல்ல பாடம் ஆரிஜின்ஸின் ரெட்கிளிஃப். பேய் பிடித்த சிறுவன் கானரைக் கொல்ல முடிவெடுத்தால், அலிஸ்டர் முகாமுக்கு வந்த பிறகு எல்லோர் முன்னாலும் உங்களைப் பிடித்துக் கத்துவான். கோட்டைக்குள் அந்த வேலையின் அவசரம் இருந்தது. இங்கே ஓட இடமில்லை. அதனால் ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் ஒரு முகாம் காட்சி வையுங்கள். தாமதம் ஆனால் பழைய தேர்வைப் பற்றிய பேச்சைக் கோட்டை விழுந்த அதிர்ச்சி விழுங்கிவிடும்.

மூன்றாம் வேளைக்கு என் கேமிலிருந்து: கடைசிக்கு முந்தைய காட்சியில் ஒரு வாயிற்காவலன் லஞ்சம் கேட்பான். பாலத்தில் காசு கொடுக்காமல் போயிருந்தால் வெண்ணி, “பைய எடுங்க. இது நமக்காகத்தானே, தாராளமா எடுப்பீங்க” என்பாள். வேலை அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் திரையைப் பார்த்து “ஐயோ” என்றார்.

7. நீ, நீங்க, நாம, நாங்க

தமிழில் எழுதுபவருக்கு ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அதை யாருமே பயன்படுத்துவதில்லை என்பது என் பெரிய குறை.

ஒவ்வொரு தோழரும் தொடக்கத்தில் விளையாடுபவரை எப்படிக் கூப்பிடுகிறார், மனம் மாறினால் எப்படிக் கூப்பிடுவார் என்று ஷீட்டில் தனிப் பத்தி போடுங்கள். வெண்ணி “நீங்க” என்று தொடங்குவாள், நெருங்கினால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் “நீ” ஆகும். கொற்றனுக்கு நேர் எதிர். பெரியவர், முதல் நாளே “நீ வா, போ” என்பார். அவர் என்றைக்கு “நீங்க சொன்னா சரிதான்” என்கிறாரோ, அன்றைக்கு உறவு முறிந்துவிட்டது. ஒரே சொல், ஒருவர் வாயில் மரியாதை, இன்னொருவர் வாயில் கதவடைப்பு.

“நாம”வும் “நாங்க”வும் இன்னும் கூர்மை. “நாம எப்போ கிளம்பறோம்?” என்று கேட்டுக்கொண்டிருந்த சிட்டு, “நாங்க கிளம்பறோம்” என்றால் விளையாடுபவர் வெளியே நிற்கிறார். எந்த மீட்டரும் இதைவிடச் சீக்கிரம் சொல்லாது.

இதில் இரண்டு பொறி உண்டு. விளையாடுபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாமல் “அவன் சொன்னான்” என்று தோழர்கள் தங்களுக்குள் பேச முடியாது. “அண்ணே”, “அக்கா”வும் முடியாது. “அவங்க சொன்னாங்க” என்பது இரண்டுக்கும் பொருந்தும், விளிக்க “தலைவரே” போதும். ஆனால் கொற்றன் “அவங்க” என்று சொல்ல மாட்டார், அவர் வாயில் அது பொய். அதனால் அவருடைய வரிகளில் விளையாடுபவரைப் படர்க்கையில் பேசாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஒருவருக்காகப் பதினைந்து வரி திருத்தினேன்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுவது. “உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை” என்று கோபத்தில் யார் பேசுவார்கள்? நம் வீட்டில் கோபம் வந்தால் “சரி, உங்க இஷ்டம்” என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை, சாப்பாடு இறங்காது.

8. விலகிப் போவதற்கு ஒரு கோடு போடுங்கள்

தோழர் எதையும் பொறுத்துக்கொள்வார் என்று தெரிந்தால் அவர் கோபத்துக்கு மதிப்பில்லை. ஆரிஜின்ஸில் புனித அஸ்தியை அசுத்தப்படுத்தினால் கூட இருக்கும் தோழி வின் உங்கள் மேலேயே ஆயுதம் எடுப்பாள். லோகெய்னை உயிரோடு விட்டுச் சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் போய்விடுவான். பால்டர்ஸ் கேட் 3-இல் அகதிகள் ஒதுங்கியிருக்கும் காப்பிடத்தைச் சூறையாட பூதங்களோடு சேர்ந்தால் கார்லக், வில் என்ற தோழர்கள் உங்களோடு இருக்க மாட்டார்கள்.

சின்ன கேமில் ஆளை அனுப்பிவிட்டால் மிச்சக் காட்சிகளை இரண்டு விதமாக எழுத வேண்டும். எனவே ஆள் இருக்கட்டும், அவர் செய்து வந்த ஒரு வேலையை நிறுத்தட்டும். வெண்ணி மற்றவர்களுக்குக் கட்டுப் போடுவாள், உங்களிடம் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவாள். இதற்கு முன்னால் இரண்டு முறை எச்சரிக்கை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது பிழை என்று நினைத்துக்கொள்வார்கள்.

9. பெயரை மறைத்துச் சோதியுங்கள்

முதல் சோதனைக்கு கேம் வேண்டாம். ஷீட்டிலிருந்து பத்து எதிர்வினைகளை, பெயரை எடுத்துவிட்டு, கதை தெரிந்த ஒரு நண்பரிடம் கொடுங்கள். யார் பேசியது என்று சொல்லட்டும். மூன்றுக்கு மேல் தவறினால் வரியைச் செதுக்கிப் பயனில்லை, இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஆளின் கவலையை மாற்றுங்கள்.

காலிக் கட்டங்களைப் பாருங்கள். வேண்டுமென்றே பேசாமல் விட்ட இடத்தில் “மௌனம்” என்று எழுதி வையுங்கள். எழுத மறந்த கட்டமும் மௌனமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஷீட்டிலாவது பிரிந்து இருக்க வேண்டும். ஒரு தோழர் தொடர்ந்து மூன்று வரிசை மௌனம் என்றால் நான்காவதில் அவரைப் பேச வையுங்கள்.

பிறகு நான்கு பேரை விளையாட வையுங்கள், ஒவ்வொருவராக. பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். பாதியில் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: “இப்போ உங்க மேல யாருக்குக் கோபம், எதுக்கு?” “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் நண்பர்கள் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் காரணத்தோடு பதில் சொன்னால் எதிர்வினை போய்ச் சேர்ந்திருக்கிறது. “யாருக்கும் இல்லையே” என்றால் நடுவேளை முகாம் காட்சியைப் பலப்படுத்துங்கள். ஆளைச் சரியாகச் சொல்லி, காரணத்தைத் தப்பாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். சில சமயம் அவர்கள் சொல்லும் காரணம் நாம் எழுதியதைவிட நன்றாக இருக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. கொற்றனுக்கு ஏன் கோபம் என்று கேட்டதற்கு ஒருவர், “அந்தச் சாவடியில அவரை யாரோ அடையாளம் கண்டுட்டாங்க, நாம காசு எடுக்கிற நேரம் பார்த்து நின்னதால” என்றார். நான் எழுதவே இல்லை. அன்றிரவே அதிகாரியின் வாயில் ஒரு வரி சேர்த்தேன்: “உன்ன எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே.” அதே நான்கு பேரில் இரண்டு பேர் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். அதை மட்டும் செய்யவில்லை, வெண்ணி இன்னும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நிலைக்கு வரவில்லை.